கீறல் வைக்கும் வேலை

அன்புள்ள மலருக்கு, அப்பா எழுதுவது.

அலமாரிக் கதவுத் தகடுகளின் போட்டோ பார்த்தேன் கண்ணு. கொடியும் பூவுமாக அச்சு நன்றாக எழும்பியிருக்கிறது. பீரோ பட்டறையில் பட்டி போட்டுக் கீறலை மறைத்தே காலம் தள்ளியவனிடம், புதுத் தகடு பழசு மாதிரி தெரியக் கீறல் வைப்பது எப்படி என்று கேட்கிறாய். உன் அம்மாவுக்கு ஒரே சிரிப்பு.

தகட்டின் பின்பக்கம் சாம்பல் நிறத்தில் பூப்பூவாக மினுக்கினால் அது ஜிஐ, அதாவது துத்தநாகம் பூசிய இரும்பு. அதன்மேல் நேராக எனாமல் அடிக்காதே. எனாமலில் இருக்கிற எண்ணெய் துத்தநாகத்தோடு சேர்ந்து சோப்பு மாதிரி ஆகிவிடும். நாள்பட பெயின்ட் தோல் தோலாக உரியும். அதுவும் பழசு மாதிரிதானே என்பார் மாப்பிள்ளை. அந்த உரிதல் நாம் சொன்ன இடத்தில் நிற்காது. தின்னரால் பிசுக்கைத் துடைத்து, துத்தநாகத்தைப் பிடித்துக்கொள்கிற வாஷ் பிரைமர் அடி, காய்ந்ததும் ரெட் ஆக்சைடு என்கிற சிவப்பு பிரைமர். பின்னால் துரு மாதிரி எட்டிப்பார்க்கப் போவது அந்தச் சிவப்புதான்.

அடுத்து மெழுகுவர்த்தி. மேல்பெயின்ட் ஒட்டக்கூடாத இடத்தில் அதைத் தேய்க்க வேண்டும். கை போன போக்கில் தேய்க்காமல், கதவு எங்கே தேயும் என்று யோசி. கைப்பிடியைச் சுற்றி, திறக்கிற பக்கத்து விளிம்பு, காலும் துடைப்பமும் இடிக்கிற கீழ்மூலை, மேலெழுந்த இதழ்களின் நுனி. அவ்வளவுதான். நடுத்தகட்டில் யார் கை படப்போகிறது? கடையில் 'ஆன்டிக்' என்று விற்பதில் உடம்பெல்லாம் ஒரே அளவாகச் சுரண்டி வைத்திருப்பான், பார்த்தவுடனே பொய் என்று தெரியும். ஸ்க்ரூவிலிருந்து துரு வழிந்த கோடும் வேண்டாம். வீட்டுக்குள் இருக்கிற அலமாரிமேல் மழை எப்படிப் பெய்யும்?

வெள்ளை கேட்டிருந்தாய். வெளிச்சம் படாத இடத்தில் வெள்ளை எனாமல் போகப்போக மஞ்சளிக்கும். அதனால் கொஞ்சம் மஞ்சள் காவி கலந்தே அடி. நன்றாகக் காய்ந்தபின், 320 நம்பர் வாட்டர் பேப்பரை (தண்ணீரில் நனைத்துத் தேய்க்கிற உப்புத்தாள்) நனைத்து மெழுகு வைத்த இடங்களில் தேய்த்தால் சிவப்பு வெளியே வரும். ஒரே திசையில் இழுக்காதே, கோடு காட்டிக்கொடுத்துவிடும்.

ஒரு வாரம் போகட்டும். கரும்பழுப்பு பெயின்டை டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்துப் பூசி, உடனே பனியன் வேஸ்டால் (பனியன் துணி வெட்டுத் துண்டு) துடைத்துவிடு. மேட்டில் போய்விடும், பள்ளத்தில் அழுக்காகத் தங்கும். பளபளப்புக்கு ஆசைப்பட்டு என்சி லேக்கர் (நைட்ரோசெல்லுலோஸ் வார்னிஷ்) அடித்துவிடாதே, அதன் தின்னர் எனாமலைச் சுருக்கிவிடும். மெழுகு பாலிஷ் போதும்.

பழைய இரும்புக் கடையில் நீ வாங்கிய, பழைய பெயின்ட் அடித்த அந்த ரெண்டு தகடுகள் வேறு விஷயம். அவற்றை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவே கூடாது. வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதியே 2016-ல்தான் வந்தது. அதற்கு முந்தைய பெயின்டில் எவ்வளவு இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? பேரன் தவழ்ந்துகொண்டு கிடைத்ததையெல்லாம் வாயில் வைக்கிற வயசு, அந்தத் தூசி வீட்டில் பறக்க வேண்டாம். இப்போதைக்குப் பாலித்தீனில் சுற்றி, அவன் கைக்கு எட்டாமல் பரண்மேல் போட்டுவை.

முதலில் ஒரு வெட்டுத் துண்டில் அடித்துப் பார்த்து, பகல் வெளிச்சத்தில் போட்டோ எடுத்து அனுப்பு. ஃபிளாஷ் போட்டால் எனக்கு நிறம் பிடிபடாது.

அப்பா