தரங்கம்பாடி நடை: வாசலில் தொடங்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டேனிஷ்காரர்களின் பழைய வணிக நகரமான தரங்கம்பாடியை நடந்து பார்ப்பது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, கோட்டையிலிருந்து நடையைத் தொடங்கச் சொல்கிறது. கோட்டைக்கு முன்னால் காரை நிறுத்தி, பீரங்கியோடு படமெடுத்து, கடலைப் பார்த்துவிட்டுத் திரும்பினால், ஊரை விட்டுவிட்டு ஊர்க்கோடியை மட்டும் பார்த்ததாகவே முடியும்.

வண்டியை நகர வாசலுக்கு வெளியே விட்டுவிட வேண்டும். டேனிஷ் அரச முத்திரையோடு நிற்கும் அந்த வாசல் 1792-இல் திரும்பக் கட்டப்பட்டது. அதன் வெளிமுகம் மேற்குப் பார்த்தது. காலையில் போனால் முத்திரை நிழலில் கிடக்கும். பிற்பகல் மூன்று மணி வெயிலில் எழுத்தும் கிரீடமும் துல்லியமாகத் தெரியும். பைக்கும் காரும் இன்றும் அதன் வழியாகத்தான் நுழைகின்றன, நடுவில் நின்று அண்ணாந்து பார்க்க வேண்டாம்.

வாசலிலிருந்து கிங்ஸ் தெரு நேராகக் கடலுக்குப் போகிறது. மொத்தம் அரை கிலோமீட்டர்தான். தஞ்சை ரகுநாத நாயக்கரோடு 1620-இல் ஒப்பந்தம் செய்து டேனிஷ் கடற்படைத் தளபதி ஓவ் கெட்டே எழுப்பியது டேன்ஸ்போர்க் கோட்டை. தெருக்கள் அந்தக் கோட்டையைக் கணக்கில் வைத்து விழுந்தவை. மேற்கிலிருந்து நடந்தால்தான் அந்தக் கணக்கு பிடிபடும். 1845-இல் டேனிஷ்காரர்கள் ஊரை ஆங்கிலேயருக்கு விற்ற பிறகு வியாபாரம் நாகப்பட்டினத்துப் பக்கம் போய்விட்டது. இடித்துக் கட்ட யாருக்கும் அவசரம் இல்லாததால் தெருக்கோடுகள் அப்படியே தங்கிவிட்டன.

இந்தத் தெருவில் இரண்டு தேவாலயங்கள் உண்டு. பலரும் ஒன்றை மற்றொன்றாக நினைத்துவிடுகிறார்கள். சீயோன் தேவாலயம் 1701-ஆம் ஆண்டைச் சேர்ந்தது, டேனிஷ்காரர்களுக்கானது. புதிய எருசலேம் தேவாலயம் ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு 1718-இல் கட்டியது. அது கூட்டல் குறி வடிவில் இருக்கும். முகப்பில் டேனிஷ் மன்னர் நான்காம் பிரடெரிக்கின் எழுத்துமுத்திரையைத் தேடுங்கள். மறு ஆண்டே இறந்த சீகன்பால்குவின் கல்லறை இதற்குள்தான் இருக்கிறது.

கட்டுரையில் 'டேனிஷ் கட்டடக்கலை' என்ற சொல் நாலைந்து இடங்களில் வருகிறது. முகப்பும் தூணும் ஐரோப்பியக் கணக்கு, சரி. ஆனால் செங்கல்லும் சுண்ணாம்பும் தளமும் இந்தக் கரையின் வேலை. திறந்திருக்கும் பழைய வீடு எதிலாவது நுழைந்து அண்ணாந்து பாருங்கள். ஒன்றரை அடிக்கு உள்ளாக வரிசையாக மரக்கட்டைகள், அவற்றின் மேல் குறுக்குச் சாய்வாக நிற்கும் சின்னச் செங்கற்கள். இதுதான் மெட்ராஸ் டெரஸ். ஆறங்குல நீளம், மூன்றங்குல அகலம், ஓரங்குலக் கனம் உள்ள தளக்கல்லைச் சுண்ணாம்புச் சாந்தில் தோய்த்து, மூலையிலிருந்து தொடங்கி வரிசை வரிசையாக நிறுத்துவார்கள். ஒவ்வொரு வரிசையும் முந்தையதில் ஒட்டிக்கொள்ளும். அடியில் பலகை முட்டு வேண்டாம். அதற்கு மேல் மூன்றங்குலத்துக்குச் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்டு, நாள்கணக்கில் மரக்கட்டையால் அடித்து இறுக்கி, தட்டையான ஓடு பதிப்பார்கள். இந்தத் தளம் கெடுவது பெரும்பாலும் கட்டைமுனையில்தான். சுவருக்குள் புதைந்த முனையில் ஈரம் தங்கி உளுத்துவிடும். நடுக்கட்டையைத் தட்டிப் பார்த்து 'நன்றாயிருக்கிறது' என்று சொல்லிவிட முடியாது.

அடுத்து சுவர். உள்ளங்கையை வைத்து எடுங்கள். கையில் வெள்ளை ஒட்டினால் சுண்ணாம்படிப்பு. வழுவழுவென்று இருந்தால் எமல்ஷன் பெயின்ட், அதற்கு அடியில் பெரும்பாலும் சிமென்ட் பூச்சு. விரல்கணுவால் தட்டினால் டொப்பென்று பொள்ளல் சத்தம் கேட்கும். கடற்கரை மண்ணின் உப்புநீர் சுவரில் ஏறத்தான் செய்யும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். உப்பு மேலே பூக்கும், துடைப்பத்தால் தட்டிவிடலாம். சிமென்ட் வழியை அடைத்துவிடுவதால் ஈரம் இன்னும் மேலே ஏறுகிறது, உப்பு செங்கல்லுக்குள்ளேயே உறைந்து கல்லை மாவாக்குகிறது. கடைசியில் பூச்சு தகடு தகடாகப் பெயர்ந்து வரும், பின்னால் செங்கல் இருக்காது, செம்பொடிதான் இருக்கும். இடுப்பளவுக்குச் சிமென்ட் பட்டை போட்ட வீடுகளில் பட்டைக்கு மேலே ஓர் ஈரக்கோடு ஓடுவதைப் பார்க்கலாம். 'பழைய சுவர், அதான் ஊறுது' என்பார்கள். சுவர் மேல் பழி போடுவது எளிது.

சரியான வேலை எப்படி இருக்கும் என்பதற்குக் கோல்ட்ஸ்மித் தெருவுக்குப் போக வேண்டும். கட்டுரை அந்தத் தெருவைத் தொடவே இல்லை. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு பாரம்பரியக் கட்டடங்களைப் பாதுகாக்கும் இன்டாக் அமைப்பு அங்கே சிறிய வீடுகளைப் பழைய முறைப்படி சீரமைத்தது. திண்ணை, மரத்தூண், நாட்டு ஓடு எல்லாம் சாதாரணக் குடும்பத்து அளவில் இருப்பவை. கவர்னர் பங்களாவைவிட இவற்றில் கற்க வேண்டியது அதிகம். வீடு வைத்திருக்கும் வாசகர்களுக்கு ஒரு குறிப்பு: நீற்றிய சுண்ணாம்பைத் தண்ணீரில் குறைந்தது இரண்டு வாரம் ஊறவிடாமல் பூசினால், நீறாத துகள்கள் பிறகு வெடித்துச் சுவரெங்கும் குழிகுழியாகும். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல், அதுவும் ஆற்று மணல். கடல் மணலைச் சேர்த்தால் உப்பை நாமே உள்ளே வைத்துப் பூசியதாகும்.

கோட்டைக்கு நாலரை மணிக்குள் வந்துவிட்டால் நிதானமாகப் பார்க்கலாம். அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. கட்டுரை பரிந்துரைத்த 'வெள்ளி முதல் ஞாயிறு வரை' பயணத்தில் முதல் நாளே பூட்டைத்தான் பார்ப்பார்கள்.

கடைசியாக, கோட்டைக்கு வடக்கே கரையிலேயே நிற்கும் மாசிலாமணிநாதர் கோயில். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306-இல் எழுந்தது. சடங்கன்பாடி, குலசேகரன்பட்டினம் என்ற பெயர்களை அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. டேனிஷ் கப்பல் வருவதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முந்தைய இந்தக் கோயில் உங்கள் வரைபடத்தில் இல்லை. அடுத்த இதழில் திருத்தி வெளியிடும்போது நகர வாசலுக்கு எண் 1, கோயிலுக்குக் கடைசி எண் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பொறையாறு