கிட்டார் வாங்கிய பிறகுதான் வேலையே

ஆசிரியருக்கு வணக்கம்.

இசைக்கருவி வாங்க யோசனை சொல்பவர்கள், பணம் கொடுத்து வீட்டுக்குக் கொண்டுவருவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அண்மையில் பழைய எலெக்ட்ரிக் கிட்டார் ஒன்றை வாங்கியவன் என்ற முறையில் மீதியைச் சொல்கிறேன்.

முதலில் கம்பிகளை மாற்றினேன். துருவேறிய கம்பியை வைத்துக்கொண்டு எந்தக் கிட்டாரையும் எடைபோட முடியாது. அப்புறம் 12-ஆவது ஃப்ரெட், அதாவது கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கட்டை. அங்கே கம்பியை லேசாகத் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக்கும், அழுத்தி மீட்டும் சுரமும் ஒன்றாக ஒலிக்க வேண்டும். என்னுடையதில் மூன்றாம் கம்பி அழுத்தும்போது சற்று ஏறி ஒலித்தது. கம்பிகளை உடல் பக்கம் தாங்கும் பிரிட்ஜில், அந்தக் கம்பி உட்காரும் சேடிலைத் திருகாணியால் கொஞ்சம் பின்னுக்கு நகர்த்தியதும் சரியாயிற்று.

வால்யூம் குமிழைத் திருப்பினால் கரகர சத்தம். பலர் இதைக் கேட்டே கிட்டாரை ஒதுக்கிவிடுகிறார்கள். பெரும்பாலும் உள்ளே தூசிதான். மின் இணைப்புகளைச் சுத்தம் செய்யும் கான்டாக்ட் கிளீனர் தெளித்து, குமிழை முன்னும் பின்னும் நன்றாகத் திருப்பினால் போதும். கம்பியின் அதிர்வை மின்சைகையாக்கும் பிக்கப், ஒற்றைச் சுருள் கொண்டதாக இருந்தால் வரும் இரைச்சல் அப்படியல்ல, அது பிறவிக் குணம். 1955-இல் கிப்சன் நிறுவனத்தில் சேத் லவர் இரட்டைச் சுருள் கொண்ட ஹம்பக்கர் பிக்கப்பை உருவாக்கியதே அதை அடக்கத்தான். என் கிட்டாரில் பிக்கப்பைத் தேர்ந்தெடுக்கும் ஸ்விட்சை, இரண்டு பிக்கப்புகள் சேர்ந்து ஒலிக்கும் இரண்டாம் அல்லது நான்காம் நிலையில் வைத்தால் இரைச்சல் அடங்கிவிடுகிறது. ஒலியும் அங்கேதான் கணீரென்று இருக்கிறது. பாதி நேரம் அதை விட்டு நகர்வதே இல்லை.

புதுப் பொருள்களின் விமர்சனத்துக்கு இடம் தரும் தாங்கள், பழையதைச் சீர்செய்வது பற்றியும் நாலு வரி வெளியிடலாமே!

– ஒரு வாசகர்