வேதப்பகுதியை வரைந்து தியானிப்பது பற்றி ஸ்டெல்லாவுக்கு

பாளையங்கோட்டை

அன்புள்ள ஸ்டெல்லா,

ஸ்தோத்திரம். உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்த செய்தியில் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். இங்கே அனைவரும் சுகம், மழைதான் விட்டபாடில்லை. உங்கள் சபைப் பெண்கள் ஐக்கியத்தில் வேதப்பகுதியை வரைந்து தியானிக்கும் கூடுகை தொடங்கப்போவதாகவும், எந்தப் பகுதியில் ஆரம்பிக்கலாம், என்னென்ன வாங்கவேண்டும் என்றும் கேட்டிருந்தாய்.

படம் வரையத் தெரிந்தவர்கள் மட்டும் வரலாம் என்று அறிவித்துவிடாதே. வாசிக்கும்போது கண் தாண்டிப்போகிற இடத்தில் வரைகிற கை நின்றுவிடும். நமக்கு வேண்டியது அந்த நிற்றல்தான். அதற்கு ஓவியத் திறமை தேவையில்லை.

இயேசு கடலில் புயலை அமர்த்திய மாற்கு 4:35-41 பகுதியை எடுத்துக்கொள். எல்லாருக்கும் மனப்பாடமான பகுதி, அதனாலேயே ஏற்றது. பென்சிலை எடுத்ததும் கேள்விகள் வரும். பொழுது என்ன? "சாயங்காலத்தில்" என்கிறது 35-ஆம் வசனம், ஆகவே பளிச்சென்ற நீல வானம் சரிவராது. கடலில் எத்தனை படகு? பெரும்பாலும் ஒன்றைத்தான் வரைவார்கள். 36-ஆம் வசனமோ "வேறே படவுகளும் அவரோடேகூட இருந்தது" என்கிறது. அந்தப் படகுகளிலும் ஆட்கள் இருந்திருப்பார்கள், அவர்களையும் அதே காற்று அலைக்கழித்திருக்கும். இயேசு எங்கே? பின்னணியத்தில், அதாவது படகின் பின்பகுதியில், தலையணை வைத்து நித்திரையாயிருக்கிறார். மத்தேயுவும் லூக்காவும் இதே சம்பவத்தை எழுதியிருந்தாலும் தலையணையும் மற்றப் படகுகளும் மாற்குவில் மட்டும்தான் வருகின்றன. கடைசியில் முகங்கள். அலை அடங்கியபின் சீஷர்களைச் சிரித்த முகமாக வரையத்தான் கை போகும். ஆனால் 41-ஆம் வசனத்தில் "அவர்கள் மிகவும் பயந்து" என்றிருக்கிறது. புயலில் பயந்தவர்கள் அமைதலுக்குப் பிறகும் பயந்து நிற்கிறார்கள், ஏன்? கூடுகை முழுவதும் இந்த ஒரு கேள்வியிலேயே போனாலும் போகட்டும்.

படகின் அளவுக்கு ஓர் ஆதாரம் உண்டு. 1986-இல் கலிலேயாக் கடலில் தண்ணீர் மிகவும் வற்றியிருந்தபோது, கரையோர ஊரான கினோசார் அருகே சேற்றில் புதைந்திருந்த முதலாம் நூற்றாண்டுப் படகு ஒன்று கிடைத்தது. நீளம் 8 மீட்டருக்குச் சற்று அதிகம், அகலம் சுமார் 2.3 மீட்டர். மேலிருந்து பார்ப்பதுபோல் 14 செ.மீ. நீளம், 4 செ.மீ. அகலத்தில் ஒரு படகு போட்டால் விகிதம் ஏறக்குறைய சரியாக வரும். இயேசுவோடு பன்னிரண்டு சீஷரும் ஏறியிருந்தால் அதற்குள் 13 பேர் அடங்கவேண்டும். எவ்வளவு நெருக்கம் என்று அப்போதுதான் தெரியும். முகம் வரைய வராதவர்கள் ஆளுக்கு ஒரு வட்டம் போட்டால் போதும். பயத்தைக் காட்ட, வட்டங்களைப் பின்னணியத்திலிருந்து விலக்கி ஒன்றோடொன்று நெருக்கி வைக்கலாம்.

ஒரு மணி நேரத்தை இப்படிப் பிரித்துக்கொள். முதல் 10 நிமிடம் பகுதியை இரண்டு முறை சத்தமாக வாசிக்கவேண்டும். அப்போது யார் கையிலும் பென்சில் இருக்கக்கூடாது. அடுத்த 5 நிமிடத்தில் பகுதியில் வரும் பொருள்களையும் செயல்களையும் துண்டுத்தாளில் எழுதட்டும். வரைய 25 நிமிடம். பிறகு 10 நிமிடம் படத்தின் கீழே தேதி, வசன எண், எழுந்த ஒரு கேள்வி, நாலு வரி ஜெபம். மீதி நேரத்தில் விருப்பமுள்ளவர்கள் பகிரலாம். எல்லாரும் காட்டியாகவேண்டும் என்று வைத்தால் அடுத்த முறை பாதிப்பேர் வரமாட்டார்கள். கைபேசியில் மாதிரிப் படம் தேடவும் விடாதே. தேடினால் கூடுகை படத்தைப் பார்த்து வரைகிற வகுப்பாகிவிடும், வசனத்தை யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

நோட்டு 120 ஜி.எஸ்.எம். (தாளின் கனத்தைக் காட்டும் அளவு) தாளுக்குக் குறையாமல் இருக்கட்டும். ஆளுக்கு ஒரு எச்.பி. பென்சில், ரப்பர், 0.3 அல்லது 0.5 மி.மீ. பிக்மென்ட் மைப் பேனா, 12 கலர் பென்சில் போதும். வாட்டர்கலர் வேண்டாம், 120 ஜி.எஸ்.எம். தாள் ஈரத்தில் நெளியும், அதற்கு 300 ஜி.எஸ்.எம். தாள் வேண்டும்.

வேதாகமத்திலேயே வரைய ஆசைப்படுவோர் இருப்பார்கள். வேதாகமத் தாள் பெரும்பாலும் 30, 40 ஜி.எஸ்.எம்.தான். ஆல்கஹால் மார்க்கர் பட்டால் மறுபக்கம் மட்டுமல்ல, அடுத்த தாளுக்கும் இறங்கும். கலர் பென்சிலை மெதுவாக, இரண்டு மூன்று பூச்சாக, அடியில் அட்டை வைத்துத் தேய்க்கலாம். அழுத்தினால் மறுபக்கத்து எழுத்தின்மேல் தடம் விழும். பேனாவைக் கடைசி வெற்றுப் பக்கத்தில் முதலில் சோதிக்கவேண்டும். தமிழ் வேதாகமங்களில் பெரும்பாலும் பக்கத்துக்கு இரண்டு பத்தியும் ஒடுங்கிய ஓரமும்தானே, அதனால் தனித்தாளில் வரைந்து ஒரு விளிம்பை மட்டும் பேப்பர் டேப்பால் ஒட்டுவது நல்லது. தண்ணீர்ப் பசை தாளைச் சுருக்கும். ஒட்டுத்தாள் நிறையச் சேர்ந்தாலும் புத்தகம் உப்பி, தையல் விட்டுப்போகும்.

வசனத்தைப் பெரிய எழுத்தில் எழுதுவதில்தான் நம்மவர்கள் அதிகம் தடுமாறுவார்கள். "நித்திரையாயிருந்தார்" ஒரு வரியில் அடங்காது. "இரையாதே, அமைதலாயிரு" போலச் சின்ன வாக்கியமாக எடுத்து, சொல் முடிகிற இடத்தில் வரியை உடைக்கச் சொல். எழுத்தின் உயரம் 8 மி.மீ. என்றால் வரிகளுக்கிடையிலும் அதே 8 மி.மீ. விடவேண்டும். இல்லாவிட்டால் மேல்வரியின் உகரக் கீழ்க்கோடும் கீழ்வரியின் இகரச் சுழியும் மோதும். தடித்த பேனாவில் ணகர, னகரச் சுழிகள் அடைத்துக்கொள்ளும், அதனால் வெளிக்கோட்டை 0.3 பேனாவில் போட்டு உள்ளே வண்ணம் நிரப்பட்டும்.

காட்சியைவிடப் போதனை அதிகமுள்ள ரோமர் போன்ற நிருபங்களை (கடிதங்களை) இப்போதைக்குத் தொடவேண்டாம். மாற்கு முடிந்ததும் சங்கீதம் 107:23-30 போகலாம். அங்கேயும் கப்பல், பெருங்காற்று, அமைதல் எல்லாம் உண்டு. இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வசதி.

எத்தனை பேர் வருவார்கள், மேஜை இருக்கிறதா அல்லது பாயில் உட்கார்ந்து வரைவார்களா என்று எழுது. பாய் என்றால் ஆளுக்கு ஒரு பரீட்சை அட்டை வேண்டும். இங்கே மொத்தக் கடையில் விலை விசாரித்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
கிரேஸ்