பவர்பொயின்ட் வகுப்பை அனிமேஷனில் தொடங்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

சாதாரண தரப் பரீட்சை முடிந்து பெறுபேறு வரும் வரையான மாதங்களில் ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை, பதுளை நகரங்களின் கணினி வகுப்புகள் தோட்டத்துப் பிள்ளைகளால் நிரம்பிவிடும். வேர்ட், எக்செல், பவர்பொயின்ட் மூன்றையும் சேர்த்துச் சொல்லிக்கொடுப்பதுதான் வழக்கம். அதில் பவர்பொயின்ட்டை லேசான பாடம் என்று கடைசி வாரத்துக்குத் தள்ளுகிறார்கள். எழுத்தைச் சுழலவிடுவது, படத்தைப் பறக்கவிடுவது, ஸ்லைட்டுக்கு ஒரு நிறம் பூசுவது என்று அந்த வாரமும் போய்விடுகிறது. பிறகு அதே பிள்ளை உயர்தர வகுப்பிலோ கல்வியியற் கல்லூரியிலோ பத்து நிமிடம் பேச எழுந்து நிற்கும்போது, வீட்டில் அழகாக இருந்த ஸ்லைட் மண்டபத்துக் கணினியில் சிதைந்து கிடக்கிறது. அந்த வகுப்பில் எதை முதலில் படிப்பிக்க வேண்டும் என்பதற்காகவே இந்தக் கடிதம்.

முதற்பாடம் லேஅவுட், அதாவது ஸ்லைட்டில் எது எங்கே என்ற அமைப்பு. புதிய கோப்பைத் திறந்ததும் தலைப்புக்கு ஒன்று, உள்ளடக்கத்துக்கு ஒன்று என்று கோட்டுப் பெட்டிகள் தென்படும். பெரும்பாலான பிள்ளைகள் முதல் வேலையாக அவற்றை அழித்துவிட்டு, இன்சர்ட் பக்கம் போய் டெக்ஸ்ட் பொக்ஸ் வரைந்து அதற்குள் எழுதுகிறார்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் வியூ பகுதியில், எழுத்தை மட்டும் பட்டியலாகக் காட்டும் அவுட்லைன் வியூவைத் திறந்து பார்த்தால், அந்தக் கோட்டுப் பெட்டிகளில் எழுதியது மட்டுமே அங்கே இருக்கும். டெக்ஸ்ட் பொக்ஸில் எழுதியதில் ஒரு வரிகூட இராது. எல்லா ஸ்லைட்டுக்கும் பொது அச்சான ஸ்லைட் மாஸ்டரில் எழுத்துருவையோ அளவையோ ஒரு தடவை மாற்றினால் கோட்டுப் பெட்டிகள் எல்லாம் தாமாக மாறும். டெக்ஸ்ட் பொக்ஸ்களை ஒவ்வொரு ஸ்லைட்டாகப் போய்க் கையால் மாற்ற வேண்டும். பதினைந்து ஸ்லைட் உள்ள கோப்பில் கடைசி நேரத்தில் எழுத்தைப் பெரிதாக்கச் சொன்னால் இந்த வித்தியாசம் நன்றாகவே உறைக்கும்.

ஆகவே முதல் நாள் மவுஸை ஒதுக்கி வைத்துவிட்டு அவுட்லைன் வியூவிலேயே எழுதப் பழக்கலாம். தலைப்பை அடித்து என்டர் தட்டினால் அடுத்த ஸ்லைட் பிறக்கும். டேப் தட்டினால் அது முந்தைய ஸ்லைட்டின் உட்குறிப்பாக மாறும். ஷிப்ட்டையும் டேப்பையும் சேர்த்துத் தட்டினால் மறுபடியும் தலைப்பாகும். பேச்சு முழுவதும் ஒரே பார்வையில் கண்முன் இருப்பதால் எது மிகை, எது குறை என்று அப்போதே தெரிந்துவிடும். 1987இல் மெக்கின்டொஷ் கணினிக்காக வெளிவந்த முதல் பவர்பொயின்ட், கறுப்பு வெள்ளையில், சுவரில் ஒளி பாய்ச்சிக் காட்டும் ஒளிபுகு தாள் தயாரிப்பதற்கான மென்பொருளாகவே இருந்தது. ஆட்டமும் ஓட்டமும் பின்னர் சேர்ந்தவை.

மலையகப் பிள்ளைகள் அடிக்கடி எடுக்கும் தலைப்பு தேயிலைத் தயாரிப்பு. வழக்கமாக அந்த ஸ்லைட்டின் தலையில் ‘தேயிலைத் தயாரிப்பு’ என்றிருக்கும். கீழே பாடப்புத்தகத்திலிருந்து அப்படியே எடுத்த பன்னிரண்டு வரி. பெட்டிக்குள் அடங்காததால் மென்பொருள் எழுத்தைத் தானே சுருக்கும். சாதாரணமாக 28 புள்ளியில் தொடங்கும் எழுத்து சுருங்கிச் சுருங்கிக் கடைசி வாங்கில் இருப்பவருக்குப் பொடி எறும்பு வரிசையாகிவிடும். எழுத்து சுருங்கத் தொடங்கினால் அதை எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ள வேண்டும். பெட்டியின் இடது கீழ் மூலையில் தோன்றும் சிறு குறியை அழுத்தினால், சுருக்கத்தை நிறுத்தவோ உள்ளடக்கத்தை இரண்டு ஸ்லைட்டாகப் பிரிக்கவோ வழி இருக்கிறது.

இதே விடயத்தை வேறு மாதிரிச் செய்து பாருங்கள். முதல் ஸ்லைட்டின் தலைப்பாக ‘ஏறத்தாழ ஐந்து கிலோ கொழுந்தில் ஒரு கிலோ தேயிலை’ என்று ஒரு முழுச் செய்தியைப் போடுங்கள். கீழே கொழுந்துக் கூடையின் படம் ஒன்று போதும். அடுத்த ஸ்லைட்டில் வாட்டுதல், உருட்டுதல், நொதிக்கவிடுதல், உலர்த்துதல், சலித்துத் தரம் பிரித்தல் என்ற ஐந்து சொற்கள் மட்டும். அந்த ஸ்லைட்டைக் கன்ட்ரோல் டி கொடுத்து ஐந்து பிரதி எடுத்து, ஒவ்வொன்றிலும் அந்தந்தக் கட்டத்தை மட்டும் அழுத்தமான நிறத்தில் விட்டு மற்ற நான்கையும் சாம்பல் நிறமாக்குங்கள். அனிமேஷன் இல்லாமலே கதை நகரும். வாட்டும்போது இலை ஏன் துவள வேண்டும், உலர்த்தி முடிந்த தேயிலையில் ஈரம் ஏன் 3 சதவீதம் அளவுக்கு இறங்க வேண்டும் என்பதெல்லாம் ஸ்லைட்டுக்குக் கீழே உள்ள நோட்ஸ் பகுதிக்குப் போகட்டும்; பேசுபவர் வாயால் சொல்ல வேண்டியவை அவை. வரலாற்றுக்கு ஒரு ஸ்லைட் வேண்டுமானால் 1867, லூல்கந்துர, 19 ஏக்கர் என்ற மூன்றும், இலங்கையின் முதல் வர்த்தகத் தேயிலைத் தோட்டத்தை அங்கே போட்ட ஜேம்ஸ் டெய்லரின் பெயரும் போதும்.

அனிமேஷனை முற்றாக விலக்கச் சொல்லவில்லை. ஆட்டமில்லாமல் சட்டென்று தோன்றச் செய்யும் ‘அப்பியர்’ என்ற ஒன்று மட்டும் போதும். ஒவ்வொரு வரிக்கும் ஒரு கிளிக் என்று வைத்தால் பேசுபவர் எத்தனை கிளிக் மிச்சம் என்று எண்ணிக்கொண்டே பேச நேரிடும். அந்தக் கோப்பை பீடிஎப் ஆக்கினால் ஒன்றன்மேல் ஒன்றாகப் பறந்து வந்து உட்கார வேண்டிய படங்களெல்லாம் ஒரே குவியலாக அச்சாகும்.

இனித் தமிழ் எழுத்துக்கு வருவோம். மண்டபங்களில் நேரும் அவமானங்களில் பெரும்பகுதி இங்கேதான். நமது நகரங்களின் அச்சகங்களும் தட்டச்சுக் கடைகளும் பழைய பேஜ்மேக்கர் காலத்திலிருந்து பாமினி எழுத்துருவில் ஊறியவை. அந்தப் பக்க வடிவமைப்பு மென்பொருளில், ஒவ்வோர் எழுத்துக்கும் தனி எண் தரும் பொதுக் குறியீடான யூனிகோட்டில் தமிழ் சரிவராது என்பதால் அன்று அதற்கு நியாயம் இருந்தது. ஸ்லைட்டுக்கு அந்த நியாயம் இல்லை. பாமினியில் ‘க’ என்று நாம் காண்பது கோப்புக்குள் ‘எஃப்’ என்ற ஆங்கிலச் சின்ன எழுத்தாகவே இருக்கிறது; எழுத்துரு அதற்குக் ககர வேடம் போடுகிறது, அவ்வளவுதான். பாமினி இல்லாத கணினியில் வேடம் கலைந்து எஃப் எஃப்பாகவே நிற்கும். மெய்யெழுத்தின் புள்ளிக்கு அரைப்புள்ளி விசை என்பதால் திரை முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டிக் கிடக்கும்.

இதைவிடச் சூட்சுமமான கோளாறு ஒன்றும் உண்டு. ஆங்கில வாக்கியத்தின் முதல் எழுத்தைத் தானாகவே பெரிய எழுத்தாக்கும் பழக்கம் பவர்பொயின்ட்டுக்கு இருக்கிறது. பாமினியில் சின்ன எஃப் ‘க’, பெரிய எஃப் ‘கு’. எனவே ‘கல்வி’ என்று அடித்து இடைவெளி விட்டதும் அது ‘குல்வி’ ஆகிவிடும். ‘மலையகம்’ என்ன ஆகும் என்பதைப் பத்திரிகையில் எழுத முடியாது. பைல், ஒப்ஷன்ஸ், புரூபிங், ஓட்டோகரெக்ட் ஒப்ஷன்ஸ் என்று போய், முதல் எழுத்தைப் பெரிதாக்கும் தெரிவிலுள்ள சரி அடையாளத்தை எடுத்துவிட்டால் இது நிற்கும். ஆனால் நிரந்தர மருந்து யூனிகோட்தான். விண்டோஸ் 10இல் செட்டிங்ஸ், டைம் அன்ட் லேங்குவேஜ் சென்று தமிழைச் சேர்த்து, விசைப்பலகைகளில் ஒலிப்பு முறையைத் தெரிவு செய்தால் ஆங்கில ஒலியிலேயே தமிழ் அடிக்கலாம். விண்டோஸ் விசையையும் ஸ்பேஸ் பாரையும் சேர்த்து அழுத்தினால் மொழி மாறும். நிர்மலா யூஐ என்ற எழுத்துரு விண்டோஸ் 8 முதல் கூடவே வருகிறது. பழைய விண்டோஸ் 7 கணினியில் அது இராது, லதா இருக்கும். எழுத்தின் சாயலும் அகலமும் சற்று மாறுமே தவிர, க ககரமாகவே தெரியும். அகலம் மாறி வரி மடியக்கூடும் என்பதால் பெட்டியில் ஐந்தில் ஒரு பங்கை வெறுமையாக விடுவது நல்லது.

பாமினியில் ஏற்கெனவே இருக்கும் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்ற இணையத்தில் மாற்றிகள் கிடைக்கின்றன. முழுக் கோப்பையும் அள்ளிப் போடாதீர்கள். இடையில் உள்ள உண்மையான ஆங்கிலச் சொற்களும் அர்த்தமில்லாத தமிழாகிவிடும். பந்தி பந்தியாகத் தமிழை மட்டும் எடுத்து மாற்ற வேண்டும்.

அளவிலும் தமிழுக்கென்று கணக்கு இருக்கிறது. தலைப்புக்கு மென்பொருள் தரும் 44 புள்ளியில் நமது நீண்ட சொற்கள் இரண்டு வரியாக மடியும், 36 போதும். உள்ளடக்கம் 28, 24க்குக் கீழே இறங்க வேண்டாம். 2013க்குப் பிந்திய பவர்பொயின்ட்டின் வெறும் ஒபிஸ் தீமில் வரி இடைவெளி 0.9 ஆக இருக்கிறது. ஆங்கிலத்துக்கு அது சரி. தமிழிலோ கீழே இறங்கும் உகரக் கொம்பும் அடுத்த வரியின் மேலே ஏறும் இகரச் சுழியும் முட்டிக்கொள்ளும். ஸ்லைட் மாஸ்டரிலேயே 1.0 அல்லது 1.1 ஆக்கிவிடுங்கள். சாய்வெழுத்தைத் தமிழுக்குத் தவிர்ப்பதே நல்லது.

உரிமம் வாங்காத பவர்பொயின்ட் பிரதியை நம்பியிருக்கும் வகுப்புகளுக்கு லிப்ரே ஒபிஸின் இம்பிரஸ் இலவசமாகக் கிடைக்கிறது. அதிலும் மேலே சொன்னவற்றில் பெரும்பாலானவற்றைச் செய்யலாம். ஒரே சிக்கல், ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் எழுத்துருவையும் அளவையும் அது தனித்தனியாக வைத்திருக்கும். டூல்ஸ், ஒப்ஷன்ஸ் வழியாக மொழிப் பகுதிக்குப் போய்ச் சிக்கலான எழுத்து அமைப்பு என்பதற்கான தெரிவை இயக்கினால்தான் தமிழுக்குரிய பகுதி கண்ணில் படும். வேறு இடத்தில் காட்டப் போவதானால் பவர்பொயின்ட்டின் கோப்பு வடிவமான பிபிடிஎக்ஸிலும் (pptx) ஒரு பிரதி சேமித்து, அங்கே திறந்து பார்த்துக்கொள்ள வேண்டும்.

வீட்டில் கணினி இல்லாமல் கைத்தொலைபேசி மட்டும் உள்ள பிள்ளைகள் ஏராளம். கூகுள் ஸ்லைட்ஸிலோ பவர்பொயின்ட் செயலியிலோ தலைப்பையும் குறிப்பையும் தாராளமாக எழுதிவிடலாம். படம் அடுக்கும் வேலையை மட்டும் வகுப்புக் கணினிக்கு வைத்துக்கொள்ளலாம். சிக்னல் தேடி ரோட்டுக்கு ஏறும் தோட்டங்களில் இருப்பவர்கள் கோப்பை ஒஃப்லைனில் கிடைக்கும்படி முன்கூட்டியே வைத்துக்கொள்வது அவசியம்.

தொலைபேசியில் எடுக்கும் படம் ஒன்று சுலபமாக 3, 4 எம்பி வரும். இருபது படம் போட்டால் கோப்பு 60, 80 எம்பி. ஜிமெயிலின் எல்லையோ 25. ஒரு படத்தைத் தெரிவு செய்து, பிக்சர் போர்மட்டில் கம்ப்ரெஸ் பிக்சர்ஸை அழுத்தி, ‘இந்தப் படத்துக்கு மட்டும்’ என்ற அடையாளத்தை நீக்கி, 150 பிபிஐ கொடுத்தால் எல்லாப் படமும் ஒன்றாகச் சுருங்கும். படத்தை மூலையில் பிடித்து இழுக்க வேண்டும். பக்கத்தில் பிடித்து இழுத்தால் ஆள் குள்ளமாகிவிடுவார்.

புரொஜெக்டர் விடயத்தை எந்த வகுப்பும் தொடுவதில்லை. பழைய புரொஜெக்டர்களில் திரையின் அகல உயர விகிதம் 4:3. இன்றைய பவர்பொயின்ட் 16:9இல் தொடங்கும். காட்டினால் ஒன்றும் வெட்டுப்படாது, மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழுந்து எழுத்து சிறுக்கும். எங்கே காட்டப் போகிறோம் என்று தெரிந்தால் தொடக்கத்திலேயே டிசைன், ஸ்லைட் சைஸில் மாற்றிவிடுங்கள். அடுக்கி முடித்த பிறகு மாற்றினால் கேட்கும் கேள்விக்கு ‘என்ஷூர் பிட்’ என்று பதில் கொடுங்கள். மற்றதைக் கொடுத்தால் ஓரங்கள் வெளியே போய்விடும். புதிய மடிக்கணினியில் எச்டிஎம்ஐ துவாரம் மட்டும் இருக்க, பழைய புரொஜெக்டரில் விஜிஏ துவாரம் மட்டும் இருப்பது சாதாரணம். இடையில் மாற்றி வேண்டும். விஜிஏ கம்பியில் சத்தம் போகாது என்பதால் வீடியோ காட்டுபவர் தனி ஸ்பீக்கர் கொண்டுபோக வேண்டும். விண்டோஸ் விசையும் பி (P) விசையும் சேர்த்து அழுத்தி ‘எக்ஸ்டென்ட்’ கொடுத்தால் நோட்ஸ் உங்கள் திரையில், ஸ்லைட் சுவரில்.

ஒத்திகைக்காக ‘ரிஹர்ஸ் டைமிங்ஸ்’ பாவித்து அந்த நேரங்களைச் சேமித்தவர்கள், ஸ்லைட் ஷோ பகுதியில் ‘யூஸ் டைமிங்ஸ்’ என்பதை நீக்க மறந்தால், பேசிக்கொண்டிருக்கும்போதே ஸ்லைட்கள் தாமாக ஓடும். பேய் பிடித்த கணினி என்று சிலர் நினைப்பது இதைத்தான். கேள்வி நேரத்தில் ஏழாவது ஸ்லைட்டுக்குத் திரும்ப 7 அழுத்தி என்டர் தட்டினால் போதும். எல்லோரும் பேசுபவரைப் பார்க்க வேண்டிய இடத்தில் பி (B) விசை திரையைக் கறுப்பாக்கும். மறுபடி அழுத்தினால் ஸ்லைட் திரும்பும்.

நுவரெலியா, கந்தப்பளைப் பக்கம் இன்னொன்று. இரவெல்லாம் குளிரில் கிடந்த புரொஜெக்டரை ஆட்கள் நிறைந்த மண்டபத்துக்குக் கொண்டுவந்ததும் லென்ஸில் ஈரம் படிந்து படம் மங்கும். துணியால் தேய்க்காதீர்கள், அரை மணி நேரம் முன்னதாகக் கொண்டுவந்து வைத்தால் தானாகத் தெளியும். திரைச்சீலை இல்லாத வகுப்பறைகளில் கருநீலப் பின்னணி பகல் வெளிச்சத்தில் கரைந்துபோகும். வெள்ளைப் பின்னணியில் கறுப்பெழுத்தே தெரியும்.

பாடசாலை மன்றங்களும் தமிழ்த்தின விழாக் குழுக்களும் பேச வருவோருக்கு அனுப்பும் கடிதத்திலேயே புரொஜெக்டரின் துவாரம் விஜிஏயா எச்டிஎம்ஐயா, திரை 4:3ஆ 16:9ஆ, கணினியில் இருப்பது பவர்பொயின்ட்டா இம்பிரஸா என்ற மூன்று விபரத்தையும் குறிப்பிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். வருவோரும் பென் டிரைவிலிருந்து நேராகத் திறக்காமல் டெஸ்க்டொப்புக்குப் பிரதி எடுத்துத் திறக்கட்டும். கூடவே ஒரு பீடிஎப் பிரதியும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
கணினிப் பாட ஆசிரியர்கள் சிலர்,
ஹட்டன்.