பூங்கா அல்ல, தோட்டம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த 'பூங்கா நகரங்கள்' கட்டுரையை வாசித்தேன். மரங்களையும் நிழற்சாலைகளையும் பற்றிக் கட்டுரையாளர் அழகாக எழுதியிருக்கிறார். ஆனால் 'தோட்ட நகரம்' (Garden City) என்ற திட்டத்தை முன்வைத்த ஆங்கிலேயர் எபனேசர் ஹோவர்டின் பெயரைச் சொல்லித் தொடங்கியவர், நிலம் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியைத் தொடாமலே முடித்துவிட்டார். ஹோவர்டுக்கோ அதுதான் முதல் கேள்வி.

குழப்பம் தலைப்பிலேயே தொடங்குகிறது. பூங்கா என்றால் காலாற நடக்கும் இடம். தோட்டம் என்றால் நமக்கு விளைகிற நிலமும்தான். 1898இல் ஹோவர்ட் வெளியிட்ட நூலில் ஒரு நகரத்துக்குப் போட்ட கணக்கு 6,000 ஏக்கர். அதில் ஊர் கட்ட 1,000 ஏக்கர் மட்டுமே. மிச்சமெல்லாம் வயல், பழத்தோட்டம், பால்பண்ணை, காடு. ஊருக்குள் 30,000 பேர், சுற்றியுள்ள நிலத்தில் 2,000 பேர். ஊர் நிறைந்தால் வயலைத் தின்று வளரக் கூடாது. அந்தப் பசுமை வளையத்தைத் தாண்டிப் போய் அடுத்த ஊரைத் தொடங்க வேண்டும், இரண்டையும் ரயில் இணைக்க வேண்டும். மனையின் சராசரி அளவு 20 அடிக்கு 130 அடி. பங்களாக்கள் சிதறிக் கிடக்கும் ஊர் அவர் மனதில் இல்லை.

கட்டுரையோடு அச்சிட்டிருந்த, ஹோவர்டின் வட்ட வட்டமான படத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது விளக்கப்படம் மட்டுமே, இடத்தைத் தேர்ந்த பிறகுதான் உண்மையான வரைபடம் என்று அவரே அதில் குறித்திருந்தார். அவர் கட்டடக் கலைஞர் அல்ல. நாடாளுமன்ற விவாதங்களைச் சுருக்கெழுத்தில் எடுத்துப் பிழைத்தவர். (வீட்டுப் பற்றாக்குறை பற்றிய பேச்சுகளை எத்தனை முறை எழுதி அலுத்தாரோ!) தெரு எப்படி வளைய வேண்டும் என்பதைவிட வாடகை எங்கே போக வேண்டும் என்பதில்தான் அவருக்குக் கவனம். விளைநிலத்தை விளைநிலத்தின் விலைக்கே வாங்குவது. ஏக்கருக்கு 40 பவுண்டு என்பது அவர் போட்ட கணக்கு. நிலம் அறங்காவலர்கள் பெயரில், ஊருக்குப் பொதுவாக இருக்கும். வீட்டுக்காரர், கடைக்காரர், ஆலைக்காரர் எல்லோரும் கட்டுவது வாடகை. உள்ளாட்சி வரியும் அதற்குள்ளேயே அடங்கும். அதிலிருந்து நிலம் வாங்கிய கடனுக்கான வட்டி, அசலுக்கான ஒதுக்கீடு போக, மீதி சாலைக்கும் பள்ளிக்கும் முதியோர் ஓய்வூதியத்துக்கும். ஆட்கள் வந்து குடியேறுவதால்தான் நிலத்தின் மதிப்பு ஏறுகிறது, ஆகவே ஏறியது அவர்களுக்கே திரும்ப வேண்டும் என்பது வாதம். மரம் நட்டு, மதில் எழுப்பி, 'பூங்கா நகர்' என்று மனை விற்பவர்கள் இந்தப் பக்கத்தை மட்டும் கிழித்துவிட்டார்கள்.

நடைமுறையில் எல்லாம் இனித்தது என்று சொல்ல வரவில்லை. 1903இல் சுமார் 3,800 ஏக்கரில் தொடங்கிய முதல் தோட்ட நகரமான இங்கிலாந்தின் லெட்ச்வொர்த்தில், ஊரைக் கட்டிய நிறுவனத்தின் பங்குதாரர்களுடைய ஆதாயத்துக்கு ஆண்டுக்கு 5 சதவீதம் உச்சவரம்பு. அதனால் முதலீடு ஆமை வேகத்தில் வந்தது. நிலமதிப்பு ஏற ஏற வாடகையையும் திருத்துவது என்ற ஹோவர்டின் ஏற்பாட்டைக் குத்தகைக்கு வந்தவர்கள் விரும்பவில்லை. கடைசியில் 99 ஆண்டுக்கு மாறாத வாடகையே பெரும்பாலும் நிலைத்தது. உடலுழைப்புத் தொழிலாளர்கள் பலருக்கு அங்கே வீட்டு வாடகை கட்டுபடியாகாமல், பக்கத்து ஊர்களில் தங்கி சைக்கிளில் வேலைக்கு வந்தார்கள். யாருக்காக ஊர் எழுந்ததோ அவர்களே வெளியில்! இந்தக் குறையைக் கட்டுரையாளர் எழுதியிருந்தால் நான் முழு மனதோடு ஒப்புக்கொண்டிருப்பேன்.

ஆனாலும் நிலம் ஒரே கையில் இருந்ததன் பலன் பிற்பாடு தெரிந்தது. 1960 வாக்கில் அந்த நிறுவனத்தை லாபத்துக்காக வளைத்துப் போட வெளியார் ஒருவர் முனைந்தபோது ஊர்க்காரர்கள் எதிர்த்து நின்றார்கள். நாடாளுமன்றம் தனிச் சட்டமே இயற்றி, 1963 முதல் சொத்தைப் பொது அமைப்பின் பொறுப்பில் வைத்தது. 1995இல் அது ஓர் அறக்கட்டளைக்கு மாறியது. வீடுகளில் பல இதற்குள் தனியார் கைக்குப் போய்விட்டன. என்றாலும் மிஞ்சிய கடை, ஆலை, பண்ணை வாடகை இன்றும் ஊர்ச் செலவுக்கே போகிறது.

இன்னொரு திருத்தம். லண்டனை ஒட்டிய ஹாம்ப்ஸ்டெட்டைக் கட்டுரையாளர் லெட்ச்வொர்த், வெல்வின் ஆகிய தோட்ட நகரங்களோடு சேர்த்து எண்ணியிருக்கிறார். 1907இல் தொடங்கிய அது தோட்டப் புறநகர்தான். அங்கே குடியிருப்பவர்கள் வேலைக்கு லண்டனுக்குப் போக வேண்டும். சொந்தமாக ஆலைகளோ விளைநில வளையமோ அதற்குக் கிடையாது. அடுத்த இதழில் இதையாவது திருத்தி வெளியிடக் கோருகிறேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர் ஒருவர்