எங்கள் வாலிபால் அணிக்குக் கைகொடுத்த எல்லோருக்கும்

வணக்கம். பன்னிரண்டாம் வகுப்பு முடித்துப் பள்ளியை விட்டுக் கிளம்பும் முன் இதை எழுதிவிட வேண்டும் என்று இருந்தேன்.

போன வருடம் குறுவட்டப் போட்டியில் முதல் ஆட்டத்திலேயே தோற்றுத் திரும்பினோம். பஸ்ஸில் யாரும் பேசவில்லை. எங்கள் செட்டர் (அடிப்பதற்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவள்) மட்டும் ரஃப் நோட்டை எடுத்து, எதிரணி அடித்து வாங்கிய பாயிண்ட் எத்தனை, நாமாக விட்டது எத்தனை என்று எழுதிக்கொண்டே வந்தாள். சர்வீஸில் மட்டும் 11 போயிருந்தது. ஒரு செட்டே 25 பாயிண்ட்தானே!

மறுநாள் அந்த நோட்டோடு பி.இ.டி. சார் முன்னால் போய் நின்றோம். சர்வீஸும், எதிரணி சர்வீஸை எடுக்கும் ரிசீவும் தனியாகப் பழக வேண்டும், காலை ஆறு மணிக்கு கேட்டைத் திறந்துவிட முடியுமா என்று கேட்டோம். சார், அதற்கு அடுத்த நாளிலிருந்து நீங்கள் சாவியோடு எங்களுக்கு முன்பே வந்து நின்றீர்கள். இதை நாங்கள் மறக்க மாட்டோம்.

வலை பின்னும் தாத்தாவுக்கு என்ன சொல்வது? பெண்களுக்கு வலையின் உயரம் 2.24 மீட்டர். எங்கள் வலையை நடுவில் அளந்தால் இரண்டு மீட்டர்கூட இல்லை, அவ்வளவு தொய்வு. அதன் மேல் ஜோராக அடித்துப் பழகிவிட்டு, மேட்சில் வலையிலேயே அடித்துக்கொண்டிருந்தோம். கடற்கரையில் நீங்கள் வலை சரிபார்க்கும்போது வந்து கேட்டோம். சொந்த நைலான் கயிற்றோடு வந்து, கிழிசலை அடைத்து, மேல்கயிற்றை இழுத்துக் கட்டும் முடிச்சையும் சொல்லிக் கொடுத்தீர்கள். இப்போது எங்களில் ஆறு பேருக்கு அந்த முடிச்சு தெரியும்.

கல்லூரி அணியில் ஆடிய அக்கா, ஒரு வாரம் எங்களை சர்வீஸே அடிக்க விடவில்லை. பந்தைத் தூக்கிப் போடு, கீழே விழட்டும், அடிக்கும் தோளுக்கு முன்னால் விழுகிறதா பார். தினமும் 50 தடவை. அப்போது எங்களுக்குக் கோபம்தான் வந்தது அக்கா. அப்புறம்தான் புரிந்தது: பந்தைச் சரியாகப் போட்டால், சுழலாமல் நடுவில் அடிப்பது தானாக வருகிறது. சுழலாத பந்து காற்றில் ஆடிக்கொண்டு போவதை முதல்முறை பார்த்த சந்தோஷம் இன்னும் இருக்கிறது.

நடுவர் அண்ணன், மண்ணில் கோர்ட் வரைந்து புளியங்கொட்டையை வைத்து ரொட்டேஷன், அதாவது ஆட்டக்காரர்கள் இடம் மாறும் வரிசையைக் காட்டினீர்கள். எதிரணி சர்வீஸை அடிக்கும் நொடியில் யார் யாருக்கு முன்னால் நிற்க வேண்டும் என்பது அன்றுதான் விளங்கியது.

அம்மாக்களே, விடியற்காலையில் எங்களை எழுப்பிவிட்டதற்கும், போனைக் கொடுத்ததற்கும் நன்றி. பையின் மேல் போனைச் சாய்த்து வைத்து வீடியோ எடுத்தோம். நான் நன்றாகக் குனிந்து ரிசீவ் எடுக்கிறேன் என்றே நம்பியிருந்தேன். வீடியோவில், பந்து வந்து சேர்ந்த பிறகுதான் என் முழங்கால் மடங்கியது. சார் பலமுறை சொன்னதை என் கண்ணாலேயே பார்த்த பிறகு மாற்றிக்கொள்ள பத்து நாள்கூட ஆகவில்லை.

இந்த வருடம் இறுதி ஆட்டம் வரை போனோம். 15 பாயிண்ட்டுக்கு ஆடும் கடைசி செட்டான மூன்றாவதில் 13–15 என்று தோற்றோம். அழுதோம், சரி. ஆனால் அன்று சர்வீஸில் விட்டது 4 தான். அதுவும் நோட்டில் இருக்கிறது.

நோட்டை ஒன்பதாம் வகுப்புத் தங்கைகளிடம் கொடுத்துவிட்டோம். சார், திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு அவர்கள் வருவார்கள்.

அன்புடன்,
பெண்கள் அணிக்காக, அணித்தலைவி