கொழும்பிலிருந்து அத்தைக்கு: பிள்ளையின் ஒரு வாரப் பாடம்

வெள்ளவத்தை,
கொழும்பு 6.

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். இங்கு நாங்கள் மூவரும் நலமாக இருக்கிறோம். தூத்துக்குடியில் நீங்களும் மாமாவும் நலம்தானே? சென்ற முறை தொலைபேசியில் பேசியபோது, "பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கும் அனுப்பாமல் வீட்டில் வைத்துக்கொண்டு என்னதான் சொல்லிக்கொடுக்கிறாய்?" என்று கேட்டீர்கள். அவசரப் பேச்சில் சொல்லி முடிக்கக்கூடிய விடை அல்ல என்பதால், இந்த வாரத்துக்கு நான் போட்டிருக்கும் திட்டத்தை அப்படியே உங்களுக்கு எழுதுகிறேன்.

முதலில் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். இங்கே பாடசாலை ஆண்டு ஜனவரியில் தொடங்குவது வழக்கம். ஐந்து வயது நிரம்பிய பிள்ளையைத்தான் தரம் ஒன்றில் சேர்க்கிறார்கள். நம் பிள்ளைக்கு ஐப்பசியில்தான் ஐந்து நிரம்புகிறது. நாங்கள் இங்கு வந்து சேர்ந்ததோ ஆண்டின் நடுவில். முன்பள்ளிகள் இருக்கின்றன; பலரும் அவற்றை மொண்டிசோரி என்றே சொல்கிறார்கள். ஆனால் அங்கே மற்றப் பிள்ளைகள் ஜனவரியிலிருந்தே ஒன்றாகப் பழகிவிட்டார்கள். வீடு, தெரு, கேட்கும் பேச்சு எல்லாமே புதிதாக இருக்கும்போது அவளை நடுவில் கொண்டுபோய் விடுவதைவிட, ஜனவரி வரை நானே கற்பிப்பது நல்லது என்று உங்கள் மகனும் நானும் சேர்ந்தே முடிவு செய்தோம். நாளைக் கடத்துவதற்காகச் செய்த ஏற்பாடு அல்ல இது; இந்த மாதங்களை நான் மிகவும் மதிக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை இரவு அவள் தூங்கிய பிறகு, ஒரு கொப்பியில் வரும் வாரத்தை எழுதுவேன். பள்ளிக்கூடத்து நேர அட்டவணைபோல மணிக்கொரு பாடம் வைப்பதில்லை. காலைப் பலகாரத்துக்குப் பிறகு ஒன்றரை மணி நேரம், அதற்குள் ஒவ்வொரு வேலைக்கும் கால் மணி நேரம்; மாலையில் ஒரு நடை; அவ்வளவுதான். அந்த வயதுப் பிள்ளையின் கவனம் அதற்குமேல் நிற்காது. நிற்கவைக்க முயன்றால் பாடத்தின்மீதே வெறுப்பு வந்துவிடும். வாரம் முழுவதற்கும் ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொள்கிறேன். இந்த வாரம் கடல்.

அதை அவளேதான் தேர்ந்தெடுத்தாள் என்று சொல்ல வேண்டும். ஒரு மாலை, ரயில் பாதையைத் தாண்டிக் கரையில் நின்றபோது, "ஆச்சி வீட்டில் சூரியன் கடலிலிருந்து வரும், இங்கே ஏன் கடலுக்குள் போகிறது?" என்று கேட்டாள். உங்களோடு விடியற்காலையில் கடற்கரைக்கு வந்த நாட்களை அவள் மறக்கவில்லை. இதைவிட நல்ல பாடத்தை நான் யோசித்து உண்டாக்கியிருக்க முடியாது. ஆகவே திங்கட்கிழமை மாலை திசைப் பாடம். கடலைப் பார்த்து நிற்கச் சொல்வேன்: முகத்துக்கு நேரே மேற்கு, முதுகுக்குப் பின்னால் கிழக்கு, வலக்கைப் பக்கம் வடக்கு, அங்கே கோட்டையும் அப்பா வேலை செய்யும் துறைமுகமும், இடக்கைப் பக்கம் தெற்கு, அங்கே தெகிவளையும் கல்கிசையும். பிறகு, முகத்துக்கும் வலக்கைக்கும் நடுவே கையை நீட்டச் சொல்லி, நேராகப் போனால் ஆச்சி வீடு என்று காட்டுவேன். தூத்துக்குடி இங்கிருந்து வடமேற்கில், நேர்கோட்டில் 300 கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில்தான் இருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் தரையில் சுண்ணக்கட்டியால் இரண்டு கரைகளையும் நடுவில் கடலையும் வரைந்து, நீங்கள் கடலுக்கு மேற்கே நிற்கிறீர்கள், நாங்கள் அதற்குக் கிழக்கே நிற்கிறோம் என்று அவளையே இரண்டு பக்கமும் மாறி மாறி நிற்கவைத்துப் புரியவைக்கப் போகிறேன்.

அன்றைக்கே உப்புப் பாடமும் தொடங்கும். மாமாவுக்கு இது பிடிக்கும் என்று நினைக்கிறேன். கரையிலிருந்து ஒரு போத்தல் கடல்நீர் எடுத்துவந்து, வடிகட்டி, அகலமான தட்டில் மெல்லியதாக ஊற்றிப் பால்கனியில் வைப்போம். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு கரைந்திருப்பதால், சிறு தட்டானாலும் அவள் விரலால் தொட்டுப் பார்க்கும் அளவுக்கு உப்பு கிடைக்கும். நம் ஊர் வெயிலில் சீக்கிரம் காய்ந்துவிடும். இங்கே மே மாதம் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழைக் காலம். காற்றில் எப்போதும் ஈரம். அதே மாதங்களில் மேற்குத் தொடர்ச்சி மலை மறைப்பதால் தூத்துக்குடியில் மழை அரிது. உப்பளங்களில் வேலை நடப்பதும் அந்த வறட்சியால்தான். ஆகவே தினமும் காலையில் தட்டைப் பார்ப்பதும், நீர் எங்கே வரைக்கும் இறங்கியிருக்கிறது என்று ஓரத்தில் கோடு போடுவதும் அவள் பொறுப்பு. வெள்ளிக்குள் காயாவிட்டால் அடுத்த வாரமும் தொடரும். காத்திருக்கப் பழகுவதும் அவளுக்கு வேண்டியதுதான். ஒரு கேள்வியை மட்டும் மாமாவிடம் கேட்டுச் சொல்லுங்கள்: பாத்தியில் உப்பு பெரிய பரலாக விளைய, நீரை எவ்வளவு ஆழம் கட்டுவார்கள்? அவள் நிச்சயம் கேட்பாள்.

இனி எழுத்துக்கு வருகிறேன். உங்களுக்கு அதில்தான் மனக்குறை இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். ஆனா ஆவன்னாவில் தொடங்காமல் ட, ப, ம என்று ஏன் தொடங்குகிறாய் என்று கேட்டீர்கள். உயிரெழுத்துகளைப் பாட்டாகவும் சொல்லாகவும் அவள் தினமும் சொல்கிறாள். அதை நான் விடவில்லை. ஆனால் கையால் எழுதுவதற்கு அகரத்தின் வளைவு கடினம். டகரமோ ஒரு நிமிர்ந்த கோடும் ஒரு படுத்த கோடும்தான். அதன் வலப்பக்கம் இன்னொரு கோட்டை நிறுத்தினால் பகரம் வந்துவிடுகிறது. அந்தக் கோட்டை வளைத்தால் மகரம். இந்த மூன்றோடு புள்ளியும் தெரிந்துவிட்டால் படம், மடம், பட்டம் என்று முழுச் சொற்களையே வாசித்துவிடலாம். தான் வாசித்தது ஒரு பொருளைக் குறிக்கிறது என்று முதன்முதலாக உணரும்போது பிள்ளையின் முகத்தில் வரும் வெளிச்சத்தை நீங்கள் நேரில் பார்க்க வேண்டும், அத்தை. எழுத்துகளை முதலில் விரலால்தான் பழகுகிறாள். உப்புத்தாளை எழுத்து வடிவத்தில் வெட்டி அட்டையில் ஒட்டியிருக்கிறேன். அதைத் தடவிவிட்டு, சுளகில் பரப்பிய அரிசியில் எழுதுகிறாள். சொரசொரப்பான எழுத்தைத் தடவிப் பழகும் முறை இத்தாலியக் கல்வியாளர் மரியா மொண்டிசோரி அம்மையாருடையது. அவர் 1939இல் சென்னைக்கு வந்து, போர்க்காலம் முழுவதும் இந்தியாவில் தங்கி ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். 1944இல் இந்தத் தீவிலும் ஒரு பயிற்சி வகுப்பு நடத்தினார். ஆனால் அரிசியில் விரல் வைப்பது நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களுக்குப் பழையது. இரண்டும் ஒன்றோடொன்று எவ்வளவு இயல்பாகப் பொருந்துகின்றன என்று எண்ணி மகிழ்கிறேன்.

செவ்வாயும் புதனும் இந்த மூன்று எழுத்துகளுக்கே. வியாழக்கிழமை அவற்றைத் தேடி ரயிலில் போகிறோம். வெள்ளவத்தைக்கு அடுத்த நிலையம் பம்பலப்பிட்டி. இங்கே நிலையப் பெயர்ப்பலகைகள் சிங்களம், தமிழ், ஆங்கிலம் என மூன்று மொழிகளிலும் இருக்கும். பம்பலப்பிட்டி என்று எழுதிப் பாருங்கள், லகரம் ஒன்றைத் தவிர மற்ற எல்லாம் அவள் கற்ற மூன்று எழுத்துகளும் அவற்றின் புள்ளி வடிவங்களும், இகரம் சேரும்போது மேலே வரும் விசிறி வடிவங்களுமே. பலகையின்முன் நின்று அவளே கண்டுபிடிக்க வேண்டும். நான் விரல் நீட்டிக் காட்டப் போவதில்லை. கடலை ஒட்டியே பாதை போவதால், போகும்போது வலப்பக்கமா இடப்பக்கமா கடல் என்ற கேள்வியில் திங்கட்கிழமைப் பாடமும் திரும்ப வந்துவிடும்.

கணக்கைச் சுருக்கமாகவே வைத்திருக்கிறேன். நீங்கள் கொடுத்தனுப்பிய புளியங்கொட்டைகளைப் பத்துக்குள் கூட்டாகப் பிரிக்கிறாள். காலி வீதியில் 100, 101 என்று ஓடும் பஸ்களின் எண்களை வாசிக்கிறாள். விலைவாசி ஏறிக்கிடப்பதால் நாணயம் கொடுத்துப் பொருள் வாங்கும் பாடத்துக்கு இங்கே அதிக இடமில்லை. சிங்களத்துக்கென்று நான் நேரம் ஒதுக்கவில்லை. கீழ் வீட்டுப் பிள்ளையோடு ஒளிந்து விளையாடும்போது எக்க, தெக்க, துன என்று எண்ணத் தொடங்கிவிட்டாள்; விளையாட்டில் வருவதைப் பாடமாக்கினால் கெட்டுவிடும்.

வெள்ளிக்கிழமை போயா விடுமுறை. இந்த நாட்டில் ஒவ்வொரு பௌர்ணமியும் விடுமுறை நாள் என்பதால் உங்கள் மகனும் வீட்டில் இருப்பார். திங்களிலிருந்து மேகம் விட்ட இரவுகளில் நிலவை வரைந்துவரச் சொல்லியிருக்கிறேன். வெள்ளியன்று மொட்டைமாடியில் முழு நிலவோடு அந்தப் படங்களை ஒப்பிட்டுப் பார்ப்போம். அதற்கு முன் மாலையில் காலிமுகத்திடலுக்குப் போகிறோம். அங்கே பட்டம் விற்பார்கள்; அவளுக்கு ஒன்று வாங்கி, பறக்கவிடுமுன் அதன் தாளில் 'பட்டம்' என்று அவள் கையாலேயே எழுதவைப்பேன். தேசிய நூதனசாலைக்கு, அதாவது அருங்காட்சியகத்துக்கு, கூட்டிப்போகும்படி பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அன்ரி சொன்னார். 1877இல் நிறுவப்பட்ட அந்த நூதனசாலையில், சீனம், தமிழ், பாரசீகம் மூன்றிலும் பொறித்த, காலி நகரத்துக் கல்வெட்டு இருக்கிறது. எனக்கு ஆசைதான், ஆனால் இந்த வயதில் அவளுக்கு அது வெறும் கல்லாகவே தோன்றும். எழுத்து கைவந்த பிறகு போகட்டும்.

அத்தை, அகரத்தை நான் ஒதுக்கிவிடவில்லை, விஜயதசமிக்கென்று வைத்திருக்கிறேன். இங்கும் அன்றுதான் பிள்ளைகளுக்கு ஏடு தொடக்குகிறார்கள். வெள்ளவத்தை மயூரபதி அம்மன் கோயில் எங்கள் வீட்டிலிருந்து நடக்கும் தூரம். மாமா மடியில் உட்காரவைத்து, அவள் விரலைப் பிடித்து அரிசியில் முதல் அகரத்தை எழுதவைக்க வேண்டும் என்பது எங்கள் இருவருடைய விருப்பம். மதுரையிலிருந்து கொழும்புக்கு நேராக விமானம் இருக்கிறது; மாமாவுக்கு அதிக அலைச்சல் இருக்காது. உங்கள் கடவுச்சீட்டுகளின் காலாவதித் தேதியைப் பார்த்து எழுதுங்கள், உங்கள் மகன் இப்போதே பயணச்சீட்டுக்கு ஏற்பாடு செய்துவிடுவார். வரும்போது பல்லாங்குழியையும் சோழிகளையும் மறக்காமல் எடுத்துவாருங்கள். நீங்கள் வந்திருக்கும் வாரத்தின் பாடங்களை நாம் இருவரும் சேர்ந்தே எழுதுவோம். கதை சொல்லும் நேரத்தை முழுவதும் உங்களுக்கே விட்டுவிடுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மருமகள்